குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டர்: பிராசசரையும் மதர்போர்டையும் ஜோடியாகப் பார்த்து வாங்குங்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிராசசரில் இருந்து கணக்குப் போட ஆரம்பிக்காதீர்கள். கேம் எப்படி ஓடும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது கிராஃபிக்ஸ் கார்டுதான். அதனால் மொத்தப் பணத்தில் பெரிய பங்கை அதற்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் பிராசசரும் மதர்போர்டும் சேர்ந்து எவ்வளவு என்று பாருங்கள். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் கண்டிப்பாக எங்காவது இடிக்கும். நல்ல பிராசசரை வாங்கிவிட்டு அதன் வேகத்தைப் பாதியில் நிறுத்துகிற போர்டில் போடுவது ஒரு பக்கம். கலர் லைட்டும் சூட்டைத் தணிக்கும் பெரிய ஹீட்சிங்க்கும் வைத்த போர்டுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு கிராஃபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்குவது இன்னொரு பக்கம். இரண்டுமே வீண்.

மானிட்டரையும் மறக்க வேண்டாம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கதை கேம்கள் விளையாடுபவருக்கும், 144 ஹெர்ட்ஸில் கவுன்டர் ஸ்ட்ரைக், வாலரன்ட் விளையாடுபவருக்கும் ஒரே பிராசசர் தேவையில்லை. ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம் வேண்டும் என்பது ஏற ஏறத்தான் பிராசசரின் வேலை கூடும், ரெசல்யூஷன் ஏறினால் சுமை கிராஃபிக்ஸ் கார்டின் மேல் விழும். இப்போது கையில் இருக்கிற கம்ப்யூட்டரில் எது இழுக்கிறது என்று தெரிய வேண்டுமா? கேமின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃபிரேம்) நன்றாக ஏறினால் கிராஃபிக்ஸ் கார்டுதான் தடை. இருந்த இடத்திலேயே நின்றால் பெரும்பாலும் பிராசசர்தான் தடை.

சரி, பிராசசர். 6 கோர், 12 த்ரெட் (கோர் என்பது பிராசசருக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி, த்ரெட் என்பது ஒரே நேரத்தில் அது எடுத்துச் செய்யும் வேலைகளின் எண்ணிக்கை). குறைந்த பட்ஜெட்டில் குறி வைக்க வேண்டியது இதுதான். கோர் ஐ3-12100எஃப் போன்ற 4 கோர், 8 த்ரெட் சிப்புகள் இன்னும் பல கேம்களை ஓட்டுகின்றன, ஆனால் பெரிய புதிய கேம்களில் சராசரி எஃப்பிஎஸ் நன்றாகத் தெரிந்தாலும் நடுநடுவே திக்கும், அந்தத் திக்கல்தான் விளையாடும்போது எரிச்சல். மறுபக்கம், கேமுக்காக மட்டும் 12 கோர், 16 கோர் என்று போவதில் லாபம் இல்லை. ஏஎம்டியில் ரைசன் 5 5600, இன்டெலில் கோர் ஐ5-12400எஃப், கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் ரைசன் 5 7500எஃப் அல்லது 7600. இவற்றில் எதை எடுத்தாலும் நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டுக்குக் குறையில்லை.

பெயரில் ஏமாறக் கூடாத இடம் ஒன்று உண்டு. ரைசன் 5-இல் 5500, 5600ஜி, 5600 மூன்றும் 6 கோர்தான், பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் 5600-இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி, மற்ற இரண்டிலும் 16 எம்பிதான். கேம்களுக்குக் கேஷ் நிறைய உதவும். அதோடு பிசிஐஇ, அதாவது கிராஃபிக்ஸ் கார்டும் பிராசசரும் பேசிக்கொள்ளும் பாதை, அந்த இரண்டிலும் 3.0-தான், 5600-இல் 4.0. தனி கிராஃபிக்ஸ் கார்டு போடப் போகிறீர்கள் என்றால் 5600ஜி வேண்டாம். கார்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், இப்போதைக்கு உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸை வைத்தே ஓட்டலாம் என்பவர்களுக்குத்தான் அது. இன்டெலாக இருந்தாலும் ஏஎம்டியாக இருந்தாலும் கடைசியில் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது.

அடுத்தது சாக்கெட், அதாவது போர்டில் பிராசசர் உட்காரும் இடம், நிதானமாக யோசிக்க வேண்டிய இடம். ஏஎம்டியின் ஏஎம்4 பழையது, டிடிஆர்4 ராம் மட்டும் எடுக்கும், புதிய தலைமுறை சிப்புகள் இனி அதற்கு வராது. ஆனால் போர்டும் ராமும் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு இதைவிட மலிவான வழி இல்லை, 5600 போட்டுவிட்டுக் கிளம்பலாம். இன்டெலின் எல்ஜிஏ1700-இல் 12, 13, 14-ஆம் தலைமுறைகள் உட்காரும், அதுவும் அங்கேயே முடிந்தது. 2024-இல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851 என்று வேறு சாக்கெட். எல்ஜிஏ1700-இல் போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5 வரும், ஒன்றின் ராம் மற்றதில் ஏறாது, எனவே போர்டின் முழுப் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள். 2022-இல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டும்தான். அதற்கு 2027 வரையும் அதற்கு மேலும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. எல்லாவற்றையும் புதிதாக வாங்குகிறீர்கள், சில வருடம் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்ற நினைக்கிறீர்கள் என்றால் என் ஓட்டு ஏஎம்5-க்குத்தான்.

இப்போது போர்டு. பெரும்பாலானவர்களுக்குச் சரியான இடம் ‘பி’ வரிசை: ஏஎம்4-க்கு பி550, எல்ஜிஏ1700-க்கு பி760, ஏஎம்5-க்கு பி650. ‘எக்ஸ்’, ‘இசட்’ வரிசைகள் இந்தப் பட்ஜெட்டுக்குத் தேவையில்லை. அதற்குக் கீழே இறங்கும்போது என்ன போகிறது என்று தெரிந்து இறங்குங்கள். இன்டெலின் எச்610-இல் ராம் ஸ்லாட் இரண்டுதான், ராமை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஏற்றவும் முடியாது. 12400எஃப் போட்டு அப்படியே விட்டுவிடுவேன் என்றால் போதும். ஏஎம்4-இன் ஏ520, பி450 இரண்டிலும் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கிடைப்பது பிசிஐஇ 3.0. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டுகள் ஸ்லாட்டின் 16 லேனில் (டேட்டா போய்வரும் வழிகள்) 8-ஐ மட்டும்தான் பயன்படுத்துகின்றன, அதை 3.0 ஸ்லாட்டில் போட்டால் பாதை இன்னும் பாதியாகும். சாதாரணமாகப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பிவிட்டால் அந்தக் குறுகிய வழியாகத்தான் எல்லாம் போய்வர வேண்டும், அப்போது தெரியும். பி550 வாங்கி அதில் 5500-ஐப் போட்டாலும் இதே கதைதான், 4.0 வேண்டுமென்றால் சிப்பும் போர்டும் இரண்டுமே கொடுக்க வேண்டும். ஜோடியாகப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் விஆர்எம் பகுதியில் ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். 65 வாட் என்று எழுதியிருந்தாலும் 12400எஃப் டர்போவில் 117 வாட் வரை இழுக்கலாம். அது பரவாயில்லை. பின்னாளில் ஐ7 போடலாம் என்று மலிவான எச்610 வாங்குவதுதான் தவறு. விஆர்எம் சூடாகி, பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மற்றபடி எஸ்எஸ்டி போடும் எம்.2 ஸ்லாட் இரண்டு இருந்தால் நல்லது, கேஸ் ஃபேன்களின் ஒயரைச் செருகும் ஹெடர் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள், வைஃபை வேண்டுமா என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

பயாஸ், அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் போர்டில் முதலில் ஓடும் மென்பொருள், அந்த விஷயத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சாக்கெட் பொருந்தினாலும் போர்டில் இருக்கும் பயாஸ் பழையதாக இருந்தால் புதிய சிப்பை அதற்கு அடையாளம் தெரியாது, கம்ப்யூட்டர் ஆன் ஆகும், திரை வராது. பி450-இல் 5600 போடும்போதும், பி660-இல் 14-ஆம் தலைமுறை போடும்போதும் இது நடக்கும். போர்டு நிறுவனத்தின் தளத்தில் ஆதரவு பிராசசர் பட்டியல் இருக்கும், உங்கள் சிப்புக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று அதிலேயே போட்டிருப்பார்கள். ‘பயாஸ் ஃபிளாஷ்பேக்’ பட்டன் உள்ள போர்டு என்றால் பிராசசரே இல்லாமல் பென் டிரைவில் இருந்து ஏற்றிக்கொள்ளலாம். அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

பழைய பொருள் வாங்குவதில் தப்பில்லை, ஏஎம்4-இல் அதுதான் நல்ல வழி. ஏஎம்4 சிப்பில் பின்கள் சிப்பின் அடியில் இருக்கும், வளைந்திருக்கிறதா பாருங்கள். இன்டெலிலும் ஏஎம்5-இலும் பின்கள் போர்டின் சாக்கெட்டில் இருக்கும், அங்கே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ‘ஐ7 கேமிங் காம்போ’ என்று மலிவாக வருவதில் எந்தத் தலைமுறை என்று கட்டாயம் கேளுங்கள். ஐ7-2600, 3770 போன்றவற்றில் ஏவிஎக்ஸ்2 (பிராசசருக்கான ஒரு கட்டளைத் தொகுப்பு) கிடையாது, அது இல்லாமல் சில புதிய கேம்கள் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11-க்கு அதிகாரப்பூர்வமாக இன்டெல் 8-ஆம் தலைமுறையோ ரைசன் 2000 வரிசையோ வேண்டும், அதற்குக் கீழே போகாதீர்கள்.

எல்லாம் மாட்டி முடித்தபின் இரண்டு வேலை பாக்கி. ராமை ஒற்றைக் குச்சியாக இல்லாமல் இரண்டாக வாங்கி, நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பிராசசரில் இருந்து 2-ஆவதிலும் 4-ஆவதிலும் போடுங்கள். பிறகு பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (பெட்டியில் போட்ட வேகத்தில் ராமை ஓடவைக்கும் அமைப்பு) ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 6000 என்று பெட்டியில் போட்ட டிடிஆர்5 ராம் 4800-இல் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று அங்கேயே தெரியும்.