ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கிறிஸ்தவ ஜனநாயக மரபின் கூட்டங்களும் விழாக்களும்

படிப்புக்கோ வேலைக்கோ ஜெர்மனி வந்து, வீடும் வங்கிக் கணக்கும் மருத்துவக் காப்பீடும் ஒருவாறு அமைந்த பிறகு, இவ்வூர் மக்களோடு எங்கே, எப்படிப் பழகுவது என்ற கேள்வி எழும். அதற்கான வாசல்களுள் நம்மவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று, கிறிஸ்தவ சமூக நெறியை மக்களாட்சி அரசியலோடு இணைக்கும் கிறிஸ்தவ ஜனநாயக மரபைச் சார்ந்த சங்கங்களும் அறக்கட்டளைகளும் கட்சிகளும் நடத்தும் நிகழ்வுகள். பெயரில் கிறிஸ்தவம் இருப்பதால் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒதுங்கிவிடுகிறார்கள். அரசியல் இருப்பதால் கிறிஸ்தவர்களும் தயங்குகிறார்கள். இரண்டு தயக்கமும் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் முதலில் சங்கத்தின் வழியாக நுழையுங்கள். கட்சியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

ஏன் சங்கம் என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. செருப்புத் தைக்கும் தொழிலாளியாக இருந்து கத்தோலிக்கக் குருவான அடோல்ஃப் கோல்பிங், ஊர் ஊராக அலைந்து வேலை தேடிய இளம் கைவினைஞர்களுக்காகக் கொலோன் நகரில் 1849இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். தங்க இடமும் படிக்க வாய்ப்பும் பழகக் குடும்பம் போன்ற சூழலும் தந்த அந்த முயற்சி, இன்றும் 'கோல்பிங் குடும்பம்' என்ற பெயரில் எண்ணற்ற ஊர்களில் இயங்குகிறது. நியாயமான கூலியையும் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும் வலியுறுத்தித் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் வெளியிட்ட சுற்றுமடல், இத்தகைய முயற்சிகளுக்குக் கோட்பாட்டு வலு சேர்த்தது. குடும்பமும் ஊரும் சங்கமும் தாமே செய்யக்கூடியதை அரசு பறித்துக்கொள்ளக் கூடாது, அவற்றால் இயலாதபோது துணைநிற்க வேண்டும் என்பது அம்மரபின் அடிப்படை. நாஜி ஆட்சி வீழ்ந்த 1945இல், அதுவரை தனித்தனி அரசியல் முகாம்களில் இருந்த கத்தோலிக்கரும் புரொட்டஸ்டன்ட் மக்களும் இணைந்து கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியத்தை, அதாவது சேடேயூ கட்சியை, உருவாக்கினார்கள். பவேரியாவில் அதன் சகோதரக் கட்சியான சேஎஸ்யூ தனியாக இயங்குகிறது. 1949 முதல் 1963 வரை மேற்கு ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக இருந்த கொன்ராட் அடேனாவரும், பிரான்சின் ராபர்ட் ஷூமானும், இத்தாலியின் அல்சீடே தெ காஸ்பெரியும் இம்மரபினரே. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அடித்தளம் இட்டவர்களாக மூவரும் போற்றப்படுகிறார்கள்.

நிகழ்வுகளில் முதலிடம் தர வேண்டியவை கத்தோலிக்கர் மாநாடான கத்தோலிக்கன்டாகும், புரொட்டஸ்டன்ட் மாநாடான கிர்ஹன்டாகும் ஆகும். முன்னது 1848இல் மைன்ஸ் நகரிலும் பின்னது 1949இல் ஹனோவரிலும் தொடங்கின. இப்போது ஏறத்தாழ ஆண்டு விட்டு ஆண்டு மாறி மாறி வெவ்வேறு நகரங்களில், புதன் முதல் ஞாயிறு வரை நடைபெறுகின்றன. 2024இல் எர்ஃபுர்ட், 2025இல் ஹனோவர், 2026க்கு வூர்ட்ஸ்புர்க், 2027க்கு டூசல்டோர்ஃப் என்பது வரிசை. இவை கட்சி மாநாடுகள் அல்ல. குருக்கள் அல்லாத பொதுநிலையினர் முன்னின்று நடத்தும் இவற்றில் பல கட்சித் தலைவர்களும் மேடையேறி, மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். 2017இல் பெர்லின் பிராண்டன்புர்க் வாயிலின் முன் அங்கேலா மெர்க்கெலும் பராக் ஒபாமாவும் உரையாடியது கிர்ஹன்டாக் மேடையில்தான். முதல் நாள் மாலை நகர வீதிகளில் உணவும் இசையுமாகச் சந்திப்பு நடக்கும்; அடுத்த நாட்களில் குடியேற்றம், ஓய்வூதியம், போர், காலநிலை எனப் பல தலைப்புகளில் விவாதங்கள் நடக்கும். விடுதிச் செலவை எண்ணி அஞ்ச வேண்டாம்: பள்ளிக் கட்டடங்களில் பொதுத் தங்குமிடமும், உள்ளூர்க் குடும்பங்களின் வீடுகளில் இடமும் முன்பதிவின் பேரில் கிடைக்கும். முடிந்தால் தன்னார்வத் தொண்டராகப் பதிவுசெய்யுங்கள். ஓர் இளைஞர் ஜெர்மன் மொழியைக் கூச்சமின்றிப் பேசத் தொடங்க இதைவிட நல்ல நாட்கள் அமைவது அரிது.

அடுத்தது கொன்ராட் அடேனாவர் அறக்கட்டளை. சேடேயூவுக்கு நெருக்கமானது என்றாலும் சட்டப்படி தனி அமைப்பு. பெரும்பாலும் பொதுநிதியில் இயங்குகிறது. இதன் சொற்பொழிவுகளும் கலந்துரையாடல்களும் பல நகரங்களில் நடக்கின்றன, அவற்றுள் பல எல்லாருக்கும் திறந்தவை. முன்பதிவு செய்து, அடையாள அட்டையோடு, குறித்த நேரத்துக்கு முன்பே செல்லுங்கள். உரை முடிந்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். கையில் ஒரு குவளையோடு நின்றபடி பேசும் அந்த அரை மணி நேரத்தில்தான் அறிமுகங்கள் உண்டாகும். வெளிநாட்டு மாணவர்களுக்கும் இந்த அறக்கட்டளை உதவித்தொகை வழங்குகிறது. மதிப்பெண்ணோடு சமூகத் தொண்டையும் எடைபோடுவதால், ஊர்ச் சங்கத்தில் நீங்கள் செய்யும் பணி அங்கே கணக்கில் வரும்.

ஊரின் ஆண்டுச் சுழற்சியையும் அறிந்துகொள்வது நல்லது. சனவரி 6ஐ ஒட்டி, மூன்று அரசர் வேடமிட்ட சிறுவர் சிறுமியர் பாடிக்கொண்டு வந்து, உலகெங்கும் உள்ள ஏழைக் குழந்தைகளுக்காக நிதி திரட்டி, வாசலில் சுண்ணக்கட்டியால் ஆசீர்வாதம் எழுதிச் செல்வார்கள். அழைப்பு மணி ஒலித்தால் கதவைத் திறவுங்கள். அதே மாதத்தில் நகராட்சியும் கட்சிக் கிளைகளும் புத்தாண்டு வரவேற்பு நடத்தும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று பஸ்ஸாவ் நகரில் சேஎஸ்யூ கூட்டும் கூட்டம் பவேரிய அரசியலின் திருவிழா. நவம்பர் 11இல் புனித மார்ட்டின் நினைவாக நடக்கும் ஊர்வலத்தில் குழந்தைகள் விளக்கேந்திச் செல்வார்கள்.

இனிக் கட்சி. சட்டத்துக்கு உட்பட்ட அரசியல் செயற்பாடு வெளிநாட்டவருக்கும் இங்கே அனுமதிக்கப்பட்டதே. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் சேடேயூவில் விருந்தினராகப் பங்கேற்கலாம். மூன்று ஆண்டுகள் முறைப்படி வசித்திருந்தால் உறுப்பினராகவும் சேர்க்கப்படலாம். ஆனால் கொள்கையை அறிந்தே அடியெடுத்து வையுங்கள். குடியுரிமைக்கான காலத்தை ஐந்தாண்டாகக் குறைத்து இரட்டைக் குடியுரிமையை அனுமதித்த 2024ஆம் ஆண்டுச் சட்டத்தை அக்கட்சி எதிர்த்தது. அதன் தலைமையிலான அரசு 2025இல் மூன்றாண்டிலேயே குடியுரிமை தரும் விரைவு வழியை நீக்கியது. நம்மைப் போன்றோரின் வாழ்வை நேரடியாகத் தொடும் இவற்றைப் பற்றி, உள்ளூர் உறுப்பினர்களிடம் மரியாதையோடு ஆனால் தெளிவாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

பணம் தொடர்பாக ஒன்று. நகர அலுவலகத்தில் முகவரி பதியும்போது கத்தோலிக்கர் அல்லது புரொட்டஸ்டன்ட் என்று குறிப்பிட்டால், வருமான வரியின் மேல் திருச்சபை வரி சேரும்: பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8 விழுக்காடு, மற்ற மாநிலங்களில் 9 விழுக்காடு. மேற்சொன்ன நிகழ்வுகளில் கலந்துகொள்வதற்கும் இந்த வரிக்கும் தொடர்பில்லை.

அயல்நாடுகளுக்குச் செல்வோருக்குச் சுருக்கமாக: நெதர்லாந்தில் இம்மரபின் கட்சி 1980இல் மூன்று கட்சிகள் இணைந்து உருவான சேடேஆ, நார்வேயில் 1933 முதல் கிறிஸ்தவ மக்கள் கட்சி, சுவிட்சர்லாந்தில் 2021 முதல் 'நடுவம்' என்ற பொருள்படும் பெயரில் இயங்கும் கட்சி. ஐரோப்பிய ஒன்றிய நாடு எதிலும் குடியுரிமை இல்லாத நம்மவர்களுக்கு ஜெர்மனியில் நகராட்சித் தேர்தலில்கூட வாக்கு இல்லை. நார்வேயில் மூன்று ஆண்டுகளும் நெதர்லாந்தில் ஐந்து ஆண்டுகளும் வசித்தால் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம்.

தனியாகச் செல்லத் தயங்குவோர், ஆகஸ்டில் நெதர்லாந்து எல்லைக்கு அருகே உள்ள கெவலார் ஊரின் மரியன்னை திருத்தலத்துக்குத் தமிழர் மேற்கொள்ளும் ஆண்டுத் திருயாத்திரையிலிருந்து தொடங்கலாம். 1980களில் ஈழத்திலிருந்து வந்தவர்கள் தொடங்கிய அந்த யாத்திரைக்கு இன்று அண்டை நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர், இந்துக்கள் உட்பட, வருகிறார்கள். பல்லாண்டுகளாக இங்கே வாழும் குடும்பங்களை அங்கே சந்திக்கலாம். உங்கள் ஊரில் எந்தத் தேவாலயப் பங்கின் மன்றம் புதியவர்களை முகம் மலர்ந்து வரவேற்கிறது, எந்தக் கோல்பிங் குடும்பம் மொழி வகுப்பு நடத்துகிறது என்பதை அவர்களிடமே கேட்டறியலாம்.