மைக்செட்டில் ‘ம்ம்ம்’ சத்தமா? எர்த் பின்னை வெட்டாமல் நிறுத்துவது எப்படி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மாரியம்மன் பண்டிகை என்றால் கோயிலில் ஆம்ப்ளிபயர் இருக்கும், கொஞ்சம் தள்ளி தெருக்கூத்து மேடையில் ஆடியோ மிக்சர் இருக்கும், இரண்டுக்கும் கரண்ட் வேறு வேறு இடத்திலிருந்து வரும். நடுவில் ஓர் ஆடியோ ஒயரை இழுத்துச் செருகியதுமே ‘ம்ம்ம்’ என்று ஆரம்பித்துவிடும். அது நம் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் சத்தம்தான்.

கோயில் எர்த்தும் மேடை எர்த்தும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. அதுவும் நம்முடையது பாறை பூமி, கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதில்லை. இரண்டு எர்த்துக்கும் இடையில் இருக்கிற சிறிய வோல்டேஜ், ஆடியோ ஒயரின் ஷீல்டு (உள் கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக வலை) வழியாக ஓடி பாட்டோடு கலந்துவிடுகிறது. இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள்.

எர்த் பின்னைப் பிடுங்கினால் சத்தம் நிற்கும், உண்மைதான். ஆனால் ஆம்ப்ளிபயருக்குள் லைன் ஒயர் பாடியில் பட்டால், 230 வோல்ட் நேராக மைக் பிடித்திருப்பவர் கைக்குப் போகும். அந்த வேலையே வேண்டாம்.

முதலில் நோய் எது என்று பாருங்கள். மிக்சரிலிருந்து வரும் ஒயரை ஆம்ப்ளிபயரில் கழற்றுங்கள். சத்தம் நின்றால் அந்த ஒயர் வழியாகத்தான் வருகிறது. நிற்காவிட்டால் ஆம்ப்ளிபயரிலேயே கோளாறு இருக்கலாம், பில்டர் கெபாசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். லேப்டாப்பில் பாட்டு போடுகிறீர்கள் என்றால் சார்ஜரை மட்டும் பிடுங்கிப் பாருங்கள், பல நேரம் அதுதான் காரணம்.

ஒயர் வழியாகத்தான் வருகிறது என்றால், எர்த்தை வெட்டாமல் அந்த ஒயருக்கு நடுவில் ஓர் ஆடியோ டிரான்ஸ்பார்மர் போட வேண்டும். அடுத்து அதை வாங்குவது. எலக்ட்ரிகல் கடையில் ‘ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர்’ என்று மட்டும் கேட்டால் கரண்டுக்குப் போடுகிற கனமான ஒன்றை எடுத்து வைப்பார்கள், அது இல்லை. ‘ஆடியோவுக்கு, லைன் லெவல், 1:1’ என்று கேளுங்கள். லைன் லெவல் என்றால் மிக்சரிலிருந்து ஆம்ப்ளிபயருக்குப் போகிற அளவு சிக்னல், 1:1 என்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவு. மிக்சருக்கு 600:600 ஓம் போதும், லேப்டாப், டிவிடி பிளேயர் மாதிரி சாதனத்துக்கு 10கே:10கே (10,000 ஓம்) நல்லது. ஸ்டீரியோ என்றால் இரண்டு வேண்டும். ஆன்லைனில் கிடைக்கிற குட்டி 3.5 எம்எம் ஐசொலேட்டர் பேச்சுக்குப் பரவாயில்லை. பறை, மேளம் என்று வந்தால் அதன் சின்ன கோர் (காயில் சுற்றுகிற உலோகத் துண்டு) தாங்காது, பேஸ் சத்தம் மெலிந்து கரகரக்கும்.

உள்ளே இருப்பது ஒரே கோரில் சுற்றிய இரண்டு காயில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சத்தம் காந்தப்புலமாகப் போகும், ஒயர் தொடர்பு கிடையாது, எர்த் கரண்டுக்கு அங்கே வழி அடைபடும்.

இணைப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மிக்சரின் எக்ஸ்எல்ஆரில் (மூன்று பின் ஆடியோ சாக்கெட்) 2, 3ஆம் பின்களை பிரைமரிக்கு, அதாவது முதல் காயிலுக்குக் கொடுங்கள், செகண்டரியின், அதாவது இரண்டாவது காயிலின் இரண்டு ஒயரை ஆம்ப்ளிபயர் பக்க சாக்கெட்டுக்குக் கொடுங்கள். 1ஆம் பின் ஷீல்டு, அது மிக்சர் பக்கத்தோடு நிற்க வேண்டும். டிரான்ஸ்பார்மரை வைக்கிற இரும்புப் பெட்டியில் இரண்டு சாக்கெட்டையும் அப்படியே முடுக்கினால் பெட்டியே ஷீல்டுகளைச் சேர்த்துவிடும், டிரான்ஸ்பார்மர் போட்டும் ‘ம்ம்ம்’ போகாது. ஒரு சாக்கெட்டுக்கு பிளாஸ்டிக் வாஷர் போடுங்கள், அப்புறம் மல்டிமீட்டரை பீப் மோடில் வைத்து இரண்டு சாக்கெட்டின் வெளி உலோகத்தையும் தொட்டுப் பாருங்கள், பீப் வரக்கூடாது. காயிலை அளந்தால் 600 ஓமைவிட ரொம்பக் குறைவாகக் காட்டும், பயப்படாதீர்கள், மீட்டர் காட்டுவது வெறும் செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ்.

பெட்டியை ஆம்ப்ளிபயர் பக்கம் வையுங்கள், அங்கிருந்து போகும் ஒயர் சின்னதாக இருக்கட்டும். ஆனால் ஆம்ப்ளிபயர் மேலேயே வைக்காதீர்கள், அதன் பவர் டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலத்தை இது பிடித்துக்கொள்ளும். லேசாக ‘ம்ம்’ கேட்டால் பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள், ஏதாவது ஒரு கோணத்தில் அடங்கும்.

ஆம்ப்ளிபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இதைப் போடவே கூடாது. கண்டென்சர் மைக் லைனிலும் வேண்டாம், அந்த மைக்குக்கு மிக்சர் ஒயர் வழியாகவே கொடுக்கும் 48 வோல்ட் பேன்டம் பவர் இதைத் தாண்டிப் போகாது.

எல்லாம் சரியாகப் போட்டும் ‘ர்ர்ர்’ என்று கீச்சலாக வந்தால் அது லூப் இல்லை. சீரியல் லைட்டும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும் போகிற ஒயரோடு ஆடியோ ஒயரைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். பிரித்துத் தள்ளிக் கட்டுங்கள், குறுக்கே போயே ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகத் தாண்ட விடுங்கள்.