கிறவல் றோட்டில் சைக்கிள் ஓடப் பழகுவோம்: முதல் வேலை, காற்றைத் திறந்து விடுவது

"தம்பி, உதென்ன ரயரா, கருங்கல்லா?"

கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்து வாய்க்கால் கரையில் ஒரு வளைவில் வழுக்கி விழுந்து, தோல் உரிந்த முழங்காலோடு நான் எழும்பியபோது கேட்ட கேள்வி இது. கேட்டவர் வயலுக்குத் தண்ணீர் திருப்ப வந்த ஒரு ஐயா. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு முன் ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். அசையவில்லை. முதல் நாள் சைக்கிள் கடையில் "நல்லா அடிச்சு விடுங்கோ அண்ணை" என்று நானே கேட்டு அடிப்பித்த காற்று. ஐயா வால்கட்டையை (காற்று அடிக்கும் வால்வை) கொஞ்சம் தளர்த்தி உஸ்ஸென்று விட்டார். "இப்ப ஓடிப் பார்." அதே வளைவு, தார் போடாத அதே கிறவல் (சரளை மண்). இந்தமுறை சைக்கிள் மண்ணைப் பிடித்துக்கொண்டு போனது.

கிறவலில் ஓடப் பழகுபவர்களுக்கு நான் சொல்லக்கூடியதில் பாதி அந்த உஸ்ஸுக்குள் அடங்கிவிடும். மிச்சப் பாதி கீழே.

1. பாதையைப் பிடியுங்கோ

ஜேர்மனியில் இருக்கும் என் மச்சான் மோசல் ஆற்றங்கரையில் சைக்கிள் ஓடிப் படம் அனுப்புவான். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் மலைச்சரிவு முழுக்க முந்திரிகைத் தோட்டம். (தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு: நாங்கள் முந்திரிகை என்பது திராட்சையை.) "வாகனமே இல்லையடா, ஏற்றமும் இல்லை. உங்க எங்க இப்பிடி?" என்று ஒரு நக்கல் வேறு.

இங்கேயும் இருக்கிறது. ஆற்றங்கரைப் பாதை ஏன் சமமாக இருக்கிறதோ, அதே காரணத்தால்தான் வாய்க்கால் கரையும் சமம். குளத்துத் தண்ணீர் தானாக வயலுக்கு ஓடவேண்டுமென்று மெல்லிய சாய்வில் வெட்டிய வாய்க்கால் அது. அதன் கரையில் போடப்பட்ட கிறவல் றோட்டிலும் அந்தச் சாய்வுதான். நெஞ்சு அடைக்கிற ஏற்றம் வராது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுவில் இருந்து பிரியும் வாய்க்கால்களை நம்பித்தான் கிளிநொச்சி வயல்கள். உருத்திரபுரம் பக்கம் இடங்களுக்கே எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்றுதான் பெயர்.

மன்னார்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அருவியாற்றுத் தண்ணீர் வந்து சேரும் கட்டுக்கரைக்குளம். முல்லைத்தீவில் பாலியாற்றின் வவுனிக்குளம், பேராற்றின் முத்தையன்கட்டு. வீட்டுக்குக் கிட்ட உள்ள குளத்தில் தொடங்குங்கோ. முதல் நாளைக்குப் பத்துக் கிலோமீற்றர் போதும், போகவும் வரவும் சேர்த்து.

வாகனம் இல்லாத பாதை என்றால் ஒன்றுமே வராது என்று நினைக்க வேண்டாம். உழவு இயந்திரம் வரும், லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வரும், ஐம்பது மாடு ஒன்றாக வரும். மாட்டுக்கு மணி அடித்துப் பிரயோசனமில்லை. இறங்கி ஓரமாக நின்றால் அது தன்பாட்டில் போய்விடும். காலபோக (மாரி கால நெல்) அறுவடை நேரம் றோட்டில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏற்றாதீர்கள். ஓரத்தில் இடமில்லாவிட்டால் உருட்டிக்கொண்டு போங்கோ. குளக்கட்டில் தடை போட்டிருந்தால் திரும்பிவிடுங்கோ.

2. றோட்டை விட்டு இறங்காதீர்கள்

இதை அநேகமான சைக்கிள் குறிப்புகளில் பார்க்கமாட்டீர்கள். மற்ற இடங்களில் புதுத் தடம் தேடிக் காட்டுக்குள் இறங்குவதைத்தான் வீரமாக எழுதுவார்கள். வன்னியில் அந்த ஆசை வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகையைக் கண்டால் அங்கிருந்து ஓரடியும் உள்ளே வைக்கக்கூடாது, சலம் கழிக்கக்கூட. பலகை இல்லாத இடத்திலும் ஊரார் தினமும் பாவிக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள். துருப்பிடித்த எதையும் தொடவேண்டாம், காலால் தட்டவும் வேண்டாம். புது இடமென்றால் வயலில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கோ. மிதிவெடி அகற்றிய இடம் எது, யானை வரும் பக்கம் எது என்று அவருக்குத்தான் தெரியும். காட்டோரப் பாதைகளில் நன்றாக விடிந்த பிறகு போய், பொழுதுபட முன் வெளியே வந்துவிடுங்கோ.

3. சைக்கிள்

உங்களிடம் இருப்பதே போதும். சாதாரண லுமாலாச் சைக்கிளாக இருந்தாலும் சரி, கியர் வைத்த மவுண்டன் சைக்கிளாக இருந்தாலும் சரி. ரயர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் மட்டும் மாற்றுங்கோ. பிறேக் கட்டை இரண்டும் பிடிக்க வேண்டும்.

4. காற்று

இங்கேதான் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும்.

தார் றோட்டில் இறுக்கமான ரயர் இலேசாக உருளும். கிறவலில் அதே ரயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும்; துள்ளும் நேரத்தில் அது நிலத்தைப் பிடிப்பதில்லை. வளைவில் துள்ளினால் என் முழங்கால் கதைதான். காற்றைக் குறைத்தால் ரயர் கல்லைச் சுற்றி நெளிந்து பிடிக்கும், கையும் முதுகும் குலுங்காது.

எவ்வளவு குறைப்பது? இரண்டு அங்குல அகல ரயர், எழுபது கிலோ ஆள் என்றால் 30 முதல் 35 பி.எஸ்.ஐயில் (காற்றழுத்த அளவு) தொடங்கலாம். ஒடுக்கமான ரயருக்கு இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். வால்கட்டை வைத்த பழைய சைக்கிளில் அளவுமானியை வைத்துப் பார்க்க வசதியில்லை, ஐயாவின் பெருவிரல்தான் மானி. பலமாக அமத்தினால் ரயர் அரை நகத்தளவு உள்ளே போகவேண்டும். முன் சில்லில் இன்னும் கொஞ்சம் இளக்கம் இருக்கலாம். உங்கள் பாரத்தில் கூடப்பங்கு பின்னுக்குத்தானே.

பிறகு ஏறி இருந்து ஒரு கல்லின் மேல் மெதுவாக ஏற்றிப் பாருங்கோ. டக்கென்று இரும்புச் சத்தம் கேட்டால் காற்று போதாது. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ரியூப் நசிபட்டு, பாம்பு கடித்தது போலப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். நாலு ஐந்து தடவை அடித்தும் விட்டும் பார்த்தால் கைக்குப் பிடிபட்டுவிடும்.

5. ஓடும் விதம்

ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்தால் போதும், முன் சில்லு கொஞ்சம் அலைந்துவிட்டுத் தானே நேராகும். கண் சில்லில் இருக்கக்கூடாது. பத்து முழம் முன்னால் பாருங்கோ; குழியையே பார்த்துக்கொண்டு போனால் குழிக்குள்தான் போவீர்கள்.

பிறேக்கை வளைவுக்கு முன்னமே பிடித்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கோ. பின் பிறேக் முதலில், முன் பிறேக் தொட்டும் தொடாமலும். எந்தக் கை எந்தச் சில்லை நிற்பாட்டும் என்று வீட்டு முற்றத்திலேயே பார்த்து வையுங்கோ. மணல் பாய்ந்த இடம் வந்தால் பின்னுக்குச் சாய்ந்து, மிதிப்பதை நிற்பாட்டாமல் நேரே போகவேண்டும். நடுவில் திருப்பினால் விழுத்தும். குளம் நிறைந்து வான் பாயும் காலத்தில் தண்ணீர் குறுக்கே ஓடும் இடங்களைக் கடக்க வேண்டாம். முழங்கால் அளவு தண்ணீரே சைக்கிளை இழுக்கும்.

6. வெயிலும் காற்றும்

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை குளக்கட்டில் ஒதுங்க ஒரு மரமும் இராது. காலையில் காற்றுக்கு எதிராகத் தென்மேற்கே புறப்படுங்கோ. களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்து விடும். நான் ஒருமுறை மாறிச் செய்து, வரும் வழியில் பாதித் தூரம் உருட்டினேன்.

இரண்டு லீற்றர் தண்ணீர் வேண்டும். பழைய ரியூப்பை நீளமாக வெட்டிக் கரியரில் போத்தலைக் கட்டினால் எந்தக் குலுக்கத்துக்கும் விழாது. ஒரு போத்தலுக்குள் தேசிக்காயும் உப்பும் சீனியும் கலந்து கொள்ளுங்கோ. குளத்தில் கால் நனைக்க இறங்க வேண்டாம், முதலை இருக்கும்.

7. முள்ளு

கிறவல் ஓரத்தில் மஞ்சள் பூவோடு படர்ந்து கிடப்பது நெருஞ்சி. பார்க்க வடிவு, மிதித்தால் பஞ்சர். கரியர்ப் பைக்குள் ஒட்டுத் துண்டு, சொலூசன், அரத்தாள், சின்னப் பம்ப், ரயர் கழற்ற இரண்டு கரண்டி. ஓட்டை எங்கே என்று பார்க்க வாய்க்கால் தண்ணீர் இருக்கிறது. ஒட்டு முடிந்தாலும் உடனே ரியூப்பைப் போடாதீர்கள். ரயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவுங்கோ. அநேகமாக அந்த முள் இன்னும் அங்கேதான் குத்திக்கொண்டு நிற்கும். எடுக்காமல் போட்டால் நூறு யார் போக முன் திரும்ப இறங்குவீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் செயினில் படிந்த செம்புழுதியைத் துணியால் துடைத்துவிட்டு ஒரு சொட்டு மெசின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், புழுதியைப் பிடித்துக் களியாக்கிவிடும். நாளைக்குத் தார் றோட்டால் வேலைக்குப் போவதென்றால் காற்றைத் திரும்ப அடிக்க மறக்காதீர்கள்.