வெள்ளம் வடிந்த பிறகு: மின்சாரம், சேறு, கிணறு, உதவி

தண்ணீர் ஏறும்போது இருக்கும் பயம், வடியத் தொடங்கியதும் விட்டுப்போகிறது. வீடு என்ன ஆனதோ என்ற தவிப்பில் ஓடுகிறோம். மின்சாரம் தாக்குவது, கிணற்றில் மூச்சடைப்பது, வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல் எல்லாம் காத்திருப்பது அந்த நாட்களில்தான்.

வழியில் நீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் கடக்க வேண்டாம். வேகமாக ஓடும் நீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். 30 செ.மீ. நீரில் சிறிய கார் மிதக்கும். தேங்கிய நீரில் நடந்தே ஆகவேண்டும் என்றால், நீளமான கம்பை முன்னால் ஊன்றிப் பார்த்துக்கொண்டே அடி வையுங்கள். மூடி அடித்துப்போன பாதாளச் சாக்கடைக் குழி மேலிருந்து பார்த்தால் தெரியாது.

வீட்டு வாசலில் எரிவாயு வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வாடை இல்லையென்றால் அடுத்தது மெயின் சுவிட்ச். உலர்ந்த தரையில், உலர்ந்த கையோடு அதை அணைக்க முடிந்தால் மட்டும் அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டுதான் எட்ட முடியும் என்றால் மின்வாரியத்திடம் சொல்லிக் கம்பத்திலேயே இணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள். பலரும் மறப்பது இன்வெர்ட்டரை. தெருவில் மின்சாரம் இல்லாவிட்டாலும் பேட்டரியிலிருந்து வீட்டு வயரிங்குக்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். சூரிய மின்பலகையும் அப்படித்தான், வெயில் அடித்தால் மின்சாரம் வரும். நீர் தொட்ட பிளக் பாயின்ட், மோட்டார், ஃபிரிட்ஜ் எதையும் எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே போட வேண்டும். வெயிலில் இரண்டு நாள் வைத்துவிட்டால் போதும் என்று நம்பாதீர்கள். மூழ்கிய வண்டியையும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த நீர் காற்றைப்போல அமுங்காது. பிஸ்டன் அதில் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கட்டி இழுத்துப்போவதுதான் வழி.

சேற்றை அள்ளுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்து, சுவரில் நீர் நின்ற கோடு தெரியும்படியும் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகவும் படம் எடுத்துவிடுங்கள். காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் இதுதான் சாட்சி. பிறகு தாமதிக்க வேண்டாம். ஈரமாக இருக்கும்போது மண்வெட்டிக்கு வழிவிடும் சேறு, காய்ந்தால் இறுகிவிடும், தூசாகப் பறந்து நெஞ்சிலும் இறங்கும். ரப்பர் பூட்ஸும் கையுறையும் கட்டாயம். கிடக்கும் பொருளைக் கையால் புரட்டாமல் கம்பால் தட்டிவிட்டுத் தூக்குங்கள், பாம்பும் அடைக்கலம் தேடித்தான் வந்திருக்கும். கடித்துவிட்டால் கட்டுப்போடவோ கீறவோ கூடாது. கை காலை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தரையைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவிய பிறகு, 10 லிட்டர் நீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். சேற்றின் மேலேயே தூவுவதில் பயன் இல்லை, அழுக்கு குளோரினைத் தின்றுவிடும். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு இதைச் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும், ஒருபோதும் சேர்க்காதீர்கள். நனைந்த பஞ்சு மெத்தையை மனம் கேட்காவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஈரத்தில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும்.

மூழ்கிய கிணற்றில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஒரு கை பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டுவிட்டு அன்றே குடிக்கிறார்கள். முதலில் கிணற்றைச் சுற்றிய நிலத்தில் நீர்மட்டம் இறங்கட்டும். மண் ஊறிக்கிடக்கும்போது வேகமாக இறைத்தால் வெளிப்பக்க அழுத்தத்தில் உறை உள்ளே சரியலாம். டீசல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. உள்ளே இறங்கியவரும், காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்துபோவது இப்படித்தான். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனை இந்த வாயுவைக் காட்டிக்கொடுக்காது.

கலங்கல் நீரையும் வண்டலையும் எடுத்து, புது நீர் ஊறியதும் அளவைக் கணக்கிடுங்கள். விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் × 3.14, அதை 4-ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். 2 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் நீரும் என்றால் 12.56 கன மீட்டர், அதாவது 12,560 லிட்டர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு முதல் தடவை 1,000 லிட்டருக்கு 50 கிராம் பிளீச்சிங் பவுடர் வீதம் போட்டால் ஏறக்குறைய 630 கிராம். இது 33 சதவீதம் குளோரின் உள்ள புது பவுடருக்கான கணக்கு. மூட்டை பிரித்துப் பல மாதம் கிடந்ததில், மூக்கைத் துளைக்கும் நெடி இல்லையென்றால், வீரியமும் இருக்காது.

ஒரு வாளியில் 100 கிராமுக்கு மேல் வேண்டாம். கொஞ்சம் நீர் விட்டு முதலில் கூழ்போலக் குழையுங்கள், பிறகு வாளி முக்கால் நிறையும்வரை நீர் ஊற்றிக் கலக்குங்கள். பத்து நிமிடத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியில் படிந்து, மேலே நீர் தெளியும். தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு ஊற்றிக் கயிற்றில் இறக்கி, கிணற்று நீருக்குள் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். அடிச்சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் நீர் கடினமாகிவிடும், அது வேண்டாம். முடிந்தவரை ஒரு நாள் முழுக்க யாரும் எடுக்காமல் விட்டு, மறுநாள் நெடி குறையும்வரை இறைத்து வெளியேற்றுங்கள். அந்த நீர் குளத்துக்குப் போனால் மீன் சாகும். பிறகு அன்றாடம் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். போட்டு ஒரு மணி நேரம் கழித்து, சோதனைக் கிட்டில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் காட்டினால் குடிக்கலாம். கிட் இல்லையென்றால் தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்க விட்டு ஆற்றிக் குடியுங்கள். பெட்ரோலோ பூச்சிமருந்தோ கலந்த நீருக்குக் கொதியும் குளோரினும் உதவாது.

கீழ்நிலைத் தொட்டிக்கும் இதே முறைதான். சுரண்டிக் கழுவி, நிரப்பி, 1,000 லிட்டருக்கு 50 கிராம் பவுடர் கணக்கில் கரைத்துத் தெளிந்த நீரைச் சேர்த்து, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். ஓர் இரவு விட்டுக் காலையில் முழுதும் வடித்துவிடுங்கள்.

வயிற்றுப்போக்கு தொடங்கினால் உப்பு சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் பாதுகாப்பான நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, அளந்தே போடுங்கள். சேற்றில் இறங்கியவருக்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ளத்தில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

உதவிக்குப் போகிறவர்கள் வண்டி ஏற்றுவதற்கு முன் அங்கே இருக்கும் ஒருவரிடம் பேசி, என்ன இல்லை என்று கேளுங்கள். பழைய துணி மூட்டைகளைப் பிரிப்பதற்கே ஆள் இல்லாமல் நனைந்து கிடக்கும். முகாமில் ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர் வேண்டும், குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் சேர்த்து. சானிட்டரி நாப்கின், புது உள்ளாடை, டார்ச், மூடியுள்ள வாளி, சேறு தள்ளும் வைப்பர் இவைதான் முதலில் தீரும். சமைத்த உணவு கொண்டுபோனால் இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். கைக்குழந்தைகளுக்குப் பால்பவுடர் பொதுவாக விநியோகிக்காதீர்கள், அசுத்த நீரில் கரைத்த புட்டிப்பால் உயிரைக் குடிக்கும். தாய்க்கு உணவும் தனியிடமும் கொடுங்கள். தனியாக இருக்கும் முதியவர், நடக்க முடியாதவர், இன்சுலின் போடுபவர், டயாலிசிஸ் நாள் தவறியவர் ஆகியோரை வரிசையில் நிற்கவிடாமல் தேடிப்போய்ப் பாருங்கள்.

முதல் வாரத்தில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும், பத்தாம் நாள் தெரு காலியாகிவிடும். தேங்கிய நீரில் கொசு முட்டை வளர்ந்து பறப்பதும், எலிக்காய்ச்சல் தலைகாட்டுவதும் அப்போதுதான். இருக்கும் ஆளையும் பணத்தையும் இரண்டாகப் பிரித்து, பாதியை இரண்டாம் பயணத்துக்கு வையுங்கள். அந்தப் பயணத்தில் புது பிளீச்சிங் பவுடர், குளோரின் கிட், தினமும் தொடர்ந்து போட வேண்டிய மாத்திரைகள், பள்ளி நோட்டுகள் எடுத்துக்கொண்டு, முதலில் சுத்தம் செய்த அதே கிணறுகளைத் திரும்பச் சோதியுங்கள். சுற்றியுள்ள மண்ணிலிருந்து அழுக்கு நீர் மறுபடி ஊறியிருக்கும்.