அதே சபையில், அதே ஊரில் இருப்பவரை மன்னிப்பது எப்படி

சபையில் யாராவது காயப்பட்டு வந்து அழுதால் நாம் முதலில் சொல்வது, "மன்னிச்சிடுங்க சிஸ்டர், கர்த்தர் பார்த்துக்குவார்" என்பதுதான். சொல்கிறவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்பே அந்த வார்த்தை வந்துவிடுகிறது. கேட்டவர் வீட்டுக்குப் போய், நடந்ததையும் விழுங்கி, "என்னால மன்னிக்க முடியலையே, நான் என்ன விசுவாசி" என்ற குற்றவுணர்வையும் சேர்த்து விழுங்குகிறார். இதைப் பார்த்துப் பார்த்து மனசு கனத்துப்போய்த்தான் எழுதுகிறேன். இயேசு மன்னிக்கச் சொன்னார், அதில் பேரமே இல்லை. ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று மூடி வைக்க அவர் எங்கேயும் சொல்லவில்லை.

வேறு எதையும் படிப்பதற்கு முன் ஒன்று. உங்கள் வீட்டில் இன்னும் அடி விழுகிறது, மிரட்டல் நடக்கிறது என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் பாதுகாப்பைப் பாருங்கள். இங்கே சிங்கப்பூரில் அவசரம் என்றால் போலீஸ் எண் 999. குடும்ப வன்முறைக்கு 24 மணி நேர உதவி எண் 1800-777-0000. பிபிஓ என்று எல்லாரும் சொல்லும் பாதுகாப்பு ஆணைக்குக் குடும்ப நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். "பொறுத்துப் போம்மா" என்று யார் சொன்னாலும், அவர் பாஸ்டராகவே இருந்தாலும், நீங்கள் அடிபட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று வேதம் கேட்கவில்லை. மன்னிப்பு காத்திருக்கும், உங்கள் உயிர் காத்திருக்காது.

சரி, இப்போது எங்கே தொடங்குவது? கணக்கில் தொடங்குங்கள்.

மத்தேயு 18-ல், எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்டபோது இயேசு சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். ராஜாவிடம் 10,000 தாலந்து கடன்பட்டவனுக்கு முழுக்கடனும் மன்னிக்கப்படுகிறது. வெளியே வந்தவன், தன்னிடம் 100 வெள்ளிப்பணம் கடன்பட்டவனின் தொண்டையைப் பிடிக்கிறான். இதைப் பிரசங்கிக்கும்போது அந்த 100 வெள்ளிப்பணத்தைச் சில்லறைக் காசு மாதிரி சொல்லிவிட்டுப் போகிறோம். அது சில்லறை இல்லை. ஒரு வெள்ளிப்பணம் என்பது ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. இன்று இங்கே ஒருவருக்கு நாள் சம்பளம் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொண்டால் அந்தக் கடன் 10,000 வெள்ளி, மூன்று மாதத்துக்கு மேல் உழைத்த காசு. அது உண்மையான நஷ்டம், இயேசு அதை நஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு தாலந்து சுமார் 6,000 நாள் கூலி, அதனால் ராஜா முதல் ஆளுக்கு மன்னித்த கடன் அதே கணக்கில் 600 கோடி வெள்ளிக்குச் சமம். உங்களுக்கு நடந்தது சின்னது என்று சொல்வதற்காக அவர் இந்தக் கதையைச் சொல்லவில்லை. நமக்கு மன்னிக்கப்பட்டது எவ்வளவு பெரியது என்று காட்டத்தான் சொன்னார். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் மன்னிப்பே ஒரு பொய்யாகிவிடும்.

அதனால் ஒரு தாள் எடுங்கள். கைப்பேசியில் வேண்டாம், அது எங்காவது அனுப்பப்பட்டுவிடும். என்ன நடந்தது, யார் செய்தது, உங்களிடமிருந்து என்ன போனது என்று எழுதுங்கள். பணமா, பெயரா, தூக்கமா, அக்கா தங்கை உறவா, சபைக்குப் போகிற சந்தோஷமா? "அவர் சரியில்லை" என்று பொதுவாக எழுதினால் பொதுவாகத்தான் மன்னிக்க முடியும், பொதுவான மன்னிப்பு இரண்டு நாள்கூடத் தாங்காது. "என் வீட்டு விஷயத்தைப் பத்துப் பேரிடம் சொன்னார்" என்று எழுதுங்கள். அதைத்தான் மன்னிக்கப் போகிறீர்கள். எழுதியதைத் தேவனிடம் சத்தமாகவே வாசிக்கலாம். 55-ஆம் சங்கீதத்தில் தாவீது அதைத்தான் செய்கிறார்: நிந்தித்தவன் சத்துருவாக இருந்திருந்தால் சகித்திருப்பேன், ஆனால் அது நீ, என் தோழன் என்று புலம்புகிறார். கோபத்தை மறைத்துக்கொண்டு அழகான வார்த்தைகளில் ஜெபிக்கத் தேவையில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

அப்புறம்தான் தீர்மானம். மனசு இளகட்டும் என்று காத்திருந்தால் வருஷங்கள் ஓடிவிடும், உணர்ச்சி பின்னால் மெதுவாக வரட்டும். வாயால் சொல்லுங்கள்: "ஆண்டவரே, இந்த மனுஷர் எனக்குப் பட்ட கடனை நான் அவரிடம் வசூலிக்க மாட்டேன். உம்மிடம் விடுகிறேன்." சொன்ன பிறகு வசூலை நிறுத்த வேண்டும், நடைமுறையில் கஷ்டம் இங்கேதான், ஏனென்றால் நாம் வசூலிக்கும் வழிகள் பலதும் பக்தியாகவே தெரியும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் துரோகத்தைப் பற்றி ஒரு வசனம் போடுவது, யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ சேரட்டும் என்று. சாட்சி சொல்லும் நேரத்தில் பெயர் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் புரிகிற மாதிரிச் சொல்வது. வீட்டு ஜெபக்கூட்டத்தில் "அவங்களுக்காக ஜெபிங்க, பாவம்" என்று தொடங்கி முழுக்கதையையும் அவிழ்ப்பது. அவருக்கு ஒரு நோய் வந்தது, மகனுக்கு வேலை போனது என்று கேள்விப்பட்டதும் "பாத்தீங்களா" என்று உள்ளே ஒரு குரல் கேட்பது. இதெல்லாம் தவணை முறையில் வசூல். ரோமர் 12-ல் பழிவாங்குதல் எனக்குரியது என்று கர்த்தர் சொல்கிறார் அல்லவா, அதை நாம் ஒரு சாபமாக எடுத்து எதிராளியின் மேல் எறியக்கூடாது. அந்த வேலை நம்முடையது இல்லை என்பதுதான் அதில் இருக்கும் ஆறுதல்.

யாரிடமும் பேசவே கூடாதா என்றால், அப்படியில்லை. வாய் காக்கிற ஒரே ஒரு ஆளிடம் பேசுங்கள், போதகரோ, மூத்த அக்காவோ, ஆலோசகரோ. கத்தோலிக்கர் என்றால் உங்கள் பங்கு ஃபாதரிடம் பேசலாம். ஒருவரிடம் அழுவது வேறு, ஊரைக் கூட்டுவது வேறு.

மறுநாள் காலையில் கோபம் திரும்ப வந்தால் மன்னிப்பு போலி என்று நினைக்காதீர்கள். ஏழெழுபது தரம் என்று இயேசு சொன்னதை ஒரே காயத்துக்கும் எண்ணிக்கொள்ளலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வரும்போதெல்லாம் அதே ஜெபத்தைத் திரும்பச் சொல்லுங்கள். இரவு 12 மணிக்கு மேல் மட்டும் யாருக்கும் மெசேஜ் தட்டாதீர்கள்.

நேரில் பேசுவது

அதே மத்தேயு 18-ல், கதைக்கு முன்பே, இயேசு ஒரு முறையைச் சொல்லியிருக்கிறார்: முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் சொல், கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, பிறகு சபைக்கு. நம் ஊரில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது, கடைசியில்தான் சம்பந்தப்பட்டவருக்குத் தெரியவருகிறது. அந்த ஆள் ஆபத்தானவர் இல்லை என்றால் தனியாகச் சந்தியுங்கள். ஆராதனை முடிந்து பிரியாணிப் பொட்டலம் வாங்கும் வரிசையில் வேண்டாம். கூட்டமில்லாத நேரத்தில் ஒரு காப்பிக்கடை போதும், பொது இடமாகவும் இருக்கும், தனியாகவும் பேசலாம். மூன்று விஷயம் சொன்னால் போதும்: நீங்கள் செய்தது இது, அதனால் எனக்கு ஆனது இது, இதை நான் உங்கள் மேல் வைத்துக்கொண்டிருக்க விரும்பவில்லை. பழைய கதைகளை இழுக்காதீர்கள்.

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. நம்பிச் சொன்ன குடும்ப விஷயம் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் சுற்றி வந்து என் காதிலேயே விழுந்தது. போய்ப் பேசினேன். "நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றார், அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இந்தப் பதில் உங்களுக்கும் வரலாம், தயாராகப் போங்கள். அவர் வருந்தினால்தான் உறவு பழையபடி சேரும், லூக்கா 17 அதைத் தெளிவாகவே சொல்கிறது. வருந்தாவிட்டாலும் வசூலை நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது, அதை அவர் தடுக்க முடியாது. இப்போது அவரைப் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்கிறேன், நலம் விசாரிக்கிறேன், என் வீட்டு விஷயம் மட்டும் சொல்வதில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன், அன்றும் சொல்லவில்லை. இதில் முரண்பாடு எதையும் நான் காணவில்லை.

மன்னித்தால் மறுபடியும் நம்பித்தான் ஆக வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள், அதனாலேயே மன்னிக்காமல் இருக்கிறார்கள். 1 சாமுவேல் 26-ஐ எடுத்து வாசியுங்கள். தன்னைக் கொல்லத் தேடி வந்து தூங்கிக்கொண்டிருந்த சவுல் ராஜாவைக் கொல்லாமல், அவனுடைய ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு போன தாவீதிடம், "திரும்பிவா, இனி உனக்குப் பொல்லாப்புச் செய்யேன்" என்கிறான் சவுல். தாவீது ஈட்டியைத் திருப்பிக் கொடுக்கிறார், ஆனால் தானே கொண்டுபோகவில்லை, ஒரு வாலிபன் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்கிறார். பிறகு அவர் தன் வழியே போகிறார், சவுல் தன் இடத்துக்குப் போகிறான். பழியும் வாங்கவில்லை, அரண்மனைக்கும் திரும்பவில்லை. பவுலும் அப்படித்தான். 2 தீமோத்தேயு 4-ல், தன்னைக் கைவிட்டவர்கள்மேல் அந்தக் குற்றம் சுமராதிருப்பதாக என்கிறார். அதற்கு இரண்டு வசனம் முன்னால், கன்னான் அலெக்சந்தர் எனக்கு வெகு தீமை செய்தான், நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு என்று எழுதியிருக்கிறார். ஆகவே கடனுக்கு ஜாமீன் போட வைத்துக் கைவிட்ட மச்சானை மன்னிக்கலாம், அடுத்த ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

சட்டம் பக்கம் போனால் அது மன்னிக்காததா?

சம்பளம் தராத முதலாளி மேல் புகார் கொடுத்தால் கிறிஸ்தவனுக்கு அழகா என்று வெளிநாட்டு ஊழியர் விடுதியில் இருக்கும் தம்பிமார் கேட்பதுண்டு. கொடுங்கள், காலக்கெடுவும் பாருங்கள், வேலையை விட்ட 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1 கொரிந்தியர் 6-ல் சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதைப் பவுல் கண்டிக்கிறார், உண்மைதான். நம்மவர்களுக்குள் வரும் சொத்துத் தகராறு, அண்டை வீட்டுச் சண்டை இதற்கெல்லாம் மூத்தவர்களை வைத்தோ, சமூக மத்தியஸ்த நிலையத்திலோ பேசித் தீர்க்கப் பாருங்கள். ஆனால் அதே பவுல் தனக்கு அநியாயம் நடக்கப்போனபோது இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். குற்றம் நடந்திருந்தால், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு நடந்திருந்தால், அது சபைக்குள் பேசி முடிக்கிற விஷயமே இல்லை, போலீசுக்குப் போக வேண்டும்.

மன்னிப்பும் தண்டனையும் சேர்ந்தே நிற்க முடியும் என்பதற்கு நம் சிங்கப்பூரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் ஆங்கிலிக்கன் பேராயர் லியனார்ட் வில்சன் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். 1943 அக்டோபரில் கெம்பெய்த்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் நாள்கணக்கில் சித்திரவதை செய்தது. "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று சொல்வது அவருக்கும் சுலபமாக இருக்கவில்லை. தன்னை அடித்தவர்கள் ஒருகாலத்தில் தாய் தகப்பன் அன்பில் விளையாடிய சின்னப் பிள்ளைகளாக இருந்திருப்பார்களே என்று அவர் நினைத்துப் பார்த்தார், அப்போதுதான் வெறுப்பது கடினமானது. போருக்குப் பிறகு, அவரைச் சித்திரவதை செய்தவர்களில் ஒருவன் விசுவாசியாகி செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு ஞானஸ்நானம் பெற வந்தான், பிறகு வில்சனே அவனுக்குத் திடப்படுத்தல் (ஞானஸ்நானத்துக்குப் பிறகு விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) கொடுத்தார். அந்த மனிதன் சிறையிலிருந்து வந்தவன், சிறைக்கே திரும்பிப் போனவன். மன்னிப்பு கிடைத்தது, தண்டனையும் ரத்தாகவில்லை. சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் போகும்போது அந்த வெள்ளைத் தேவாலயத்தைப் பார்த்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

இரக்கம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மன்னிப்பு என்பது வசூலை நிறுத்துவது, இரக்கம் அதற்கு மேல் ஒன்றைக் கொடுப்பது. முதல் வாரமே அதற்கு முயற்சி செய்யாதீர்கள். முடிகிறபோது வில்சன் செய்த மாதிரி அந்த ஆளின் சின்ன வயசை நினைத்துப் பாருங்கள், அவர் பெயரைச் சொல்லி ஒரு நன்மை கேட்டு ஜெபியுங்கள். அவர் திருந்த வேண்டும் என்ற ஜெபத்தோடு நிறுத்திவிடாமல், அவர் முதுகுவலி தீர வேண்டும் என்றும் கேளுங்கள்.

இது சின்ன ஊர், ஆளை எங்கேயும் தவிர்க்க முடியாது. தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது எதிரே வருவார், யாரோ ஒருவர் கல்யாணத்தில் அதே மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். முன்கூட்டியே ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், "நல்லா இருக்கீங்களா, வீட்ல எல்லாரும் சுகமா" என்பது போதும், பிறகு நகர்ந்துவிடலாம். அவர் இருக்கிறார் என்பதற்காகத் திருவிருந்துக்கு எழுந்து போகாமல் இருக்காதீர்கள். அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் உரியது. பார்த்தாலே உடம்பு நடுங்குகிறது என்றால் வேறு நேர ஆராதனைக்கோ வேறு சபைக்கோ கொஞ்ச காலம் போவதில் தப்பில்லை, போதகரிடம் மட்டும் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகள் கேட்பார்கள், "ஏம்மா அந்த ஆன்ட்டி வீட்டுக்கு இப்பல்லாம் போறதில்ல?" பொய் சொல்லாதீர்கள், முழுக்கதையும் சொல்லாதீர்கள். "அவங்க எனக்கு ஒரு தப்பு பண்ணிட்டாங்க, நான் மன்னிச்சிட்டேன், ஆனா கொஞ்சம் தள்ளி இருக்கோம். நீ பார்த்தா மரியாதையா வணக்கம் சொல்லு" என்றால் ஏழு வயசுப் பிள்ளைக்கும் புரியும்.