மெஸோ, பாரிடோன் குரல்களுக்கு வார்ம்-அப்: நடுவிலிருந்து தொடங்கும் முறை

மெஸோ-சோப்ரானோ (பெண்களின் நடுக்குரல்), பாரிடோன் (ஆண்களின் நடுக்குரல்) ஆகிய இடைப்பட்ட குரல்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மேலேயும் எட்டும், கீழேயும் எட்டும். ஆனால் இரண்டு இடத்திலும் நெடுநேரம் தங்க முடியாது. நான்கு பாகச் சேர்ந்திசையில் இவர்களுக்கென்று தனி வரிசை கிடையாது. மெஸோ, சோப்ரானோவிலோ (பெண்களின் உயர்ந்த குரல்) ஆல்டோவிலோ (பெண்களின் தாழ்ந்த குரல்) நிற்க வேண்டும். பாரிடோன், டெனரிலோ (ஆண்களின் உயர்ந்த குரல்) பேஸிலோ (ஆண்களின் தாழ்ந்த குரல்) ஒதுங்க வேண்டும். வார்ம்-அப்பும் (பாடுவதற்கு முன் குரலைச் சூடேற்றும் பயிற்சி) அப்படியே இரவலாகத்தான் வரும். டெனருக்கு அமைத்த பயிற்சியை பாரிடோன் செய்தால் சில நிமிடங்களிலேயே தொண்டை இறுகிவிடும். ஆல்டோ பயிற்சியை மட்டும் செய்துவரும் மெஸோ, மேல் ஸ்தாயியை மெல்ல மெல்ல இழப்பார்.

எனவே நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் விரியுங்கள். மொத்தம் 15 நிமிடம் என்றால் அதில் பாதி, குரல் மாறும் இடத்துக்கே போகட்டும்.

மாறும் இடம் எது?

கீழ்ச் சுரங்களில் குரல்நாண்கள் குட்டையாக, தடிமனாக அதிர்கின்றன. சுருதி ஏற ஏற அவை நீண்டு மெலிய வேண்டும். தடிமனாக வைத்திருக்கும் தசை ஒன்று, இழுத்து நீட்டும் தசை வேறொன்று. முதல் தசை பிடியைத் தளர்த்தாமல் இரண்டாவது இழுக்கப் பார்த்தால், ஒரு கட்டத்தில் குரல் பட்டென்று உடையும். இல்லையென்றால் பாட்டு கத்தலாகிவிடும்.

பாரிடோனுக்கு இந்த இடம் பெரும்பாலும் பி3 முதல் ஈ4 வரை (எழுத்து சுரத்தையும் எண் ஸ்தாயியையும் குறிக்கும்; கீபோர்டின் நடு சி என்பது சி4). மெஸோவுக்கு முதல் திருப்பம் ஈ4–ஜி4 சுற்றில், இரண்டாவது ஈ5–எஃப்5 சுற்றில். ஆளுக்கு ஆள் அரைக் கட்டை (கீபோர்டில் அடுத்தடுத்த இரு சுரங்களின் இடைவெளி), ஒரு கட்டை முன்பின் இருக்கும். சுரத்தில் சொன்னால், 1 கட்டையில் (சி சுருதியில்) பாடும் பாரிடோனுக்கு மத்திய ஸ்தாயி நிஷாதம் தொடங்கி மேல் காந்தாரம் வரை; 5 கட்டையில் (ஜி சுருதியில்) பாடும் மெஸோவுக்கு முதல் திருப்பம் தைவதம் தொடங்கி மேல் ஷட்ஜம் வரை.

உங்களுடையதைக் கண்டுபிடிக்க, மிதமான சத்தத்தில் அகாரமாக அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏறுங்கள். முகவாய் தானாக உயரும், அல்லது கேட்காமலே சத்தம் கூடும், அல்லது மூச்சு சட்டென்று தீரும். இவற்றில் எது முதலில் வருகிறதோ அந்தச் சுரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு கட்டை கீழே உங்கள் வேலை ஆரம்பம்.

பாடுவதற்கு முன்

வெந்நீரோ தேனோ குரல்நாண்களைத் தொடுவதே இல்லை. விழுங்குவது உணவுக்குழாயில் இறங்கிவிடுகிறது. தண்ணீரின் பலன் உடல் வழியாகச் சுற்றித்தான் வரும் என்பதால், பாடுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பிருந்தே சிறிது சிறிதாகக் குடியுங்கள். ஆவி பிடித்தால் ஈரம் நேரே போய்ச் சேரும். மென்தால் மிட்டாய் வேண்டாம்: அது தொண்டையை மரத்துப்போக வைக்கும், வலி தெரியாமல் இழுத்துவிடுவீர்கள். கழுத்து, தோள், தாடை தசைகளுக்கு ஒரு நிமிடம் போதும்.

ஸ்ட்ரா: 3 நிமிடம்

பாதி நிரம்பிய டம்ளரில் சாதாரண ஸ்ட்ராவின் நுனியை 2–3 செ.மீ. ஆழத்தில் வையுங்கள். 'ஊ' என்று ஒலித்தபடி ஊதுங்கள். பாரிடோன் சி3-இல், மெஸோ ஏ3 அல்லது சி4-இல் தொடங்கி, ஐந்து சுரம் வழுக்கி ஏறி வழுக்கி இறங்க வேண்டும். வாயின் முன்பக்கத்தை ஒடுக்கும்போது காற்றழுத்தம் குரல்நாண்களின் மேல்புறமும் சேர்கிறது; அவை ஒன்றோடொன்று மோதும் வேகம் குறைகிறது. களைப்பில்லாமல் சூடேற இதுவே முதல் பயிற்சி.

குமிழ்கள் சீராக வந்துகொண்டே இருக்க வேண்டும். சுருதி ஏறும்போது குமிழ் நின்றால் தொண்டையை நெருக்கியிருக்கிறீர்கள். மூக்கை ஒரு கணம் பிடித்துப் பாருங்கள். ஒலி மாறினால் காற்று மூக்கு வழியே கசிகிறது, பயிற்சியின் பலன் குறைந்துவிடும். ஸ்ட்ராவை இன்னும் ஆழமாக விட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம். ஆழம் கூடினால் ஊதும் பலமும் கூட வேண்டியிருக்கும். ஆரம்பத்திலேயே அது தேவையில்லை.

லிப் ட்ரில்: 2 நிமிடம்

உதடுகளைப் படபடக்கவிட்டு ச ரி க ம ப ம க ரி ச. ஒவ்வொரு முறையும் அரைக் கட்டை ஏற்றுங்கள். உச்சச் சுரம் பாரிடோனுக்கு ஈ4, மெஸோவுக்கு சி5. இந்தப் பயிற்சியில் அதற்கு மேல் போக வேண்டாம். உதடு நின்று நின்று போனால் இரு விரலால் கன்னங்களை லேசாக மேலே தூக்கிப் பிடியுங்கள். அப்படியும் நின்றால் மூச்சைத் தள்ளிவிடுகிறீர்கள் என்று பொருள்; சத்தத்தைக் குறையுங்கள்.

மேலிருந்து கீழே: 5 நிமிடம்

பலரும் தவிர்ப்பது இதைத்தான், அவசியமானதும் இதுதான். கீழிருந்து ஏறினால் தடித்த குரலின் கனமும் கூடவே ஏறும். மேலிருந்து இறங்கினால் மெலிந்த குரலின் லேசு கீழே வரும்.

மெஸோ: சி5-இல் 'ஊ' என்று மெதுவாகத் தொடங்கி, ப ம க ரி ச என்று எஃப்4-க்கு இறங்குங்கள். பிறகு தொடங்கும் சுரத்தை அரைக் கட்டை குறைத்துக்கொண்டே போய், கடைசிச் சுரம் ஏ3 ஆகும் வரை செய்யுங்கள். எஃப்4 பக்கம் வரும்போது குரல் 'டக்' என்று மார்புக் குரலுக்கு (கீழ்ச் சுரங்களின் தடித்த குரல்) தாவப் பார்க்கும். தாவ விடாதீர்கள். சத்தம் குறைந்தாலும், காற்றோடு கலந்து ஒலித்தாலும் பரவாயில்லை. சில வாரங்களில் அந்தத் தாவல் மழுங்கிவிடும்.

பாரிடோன்: ஜி4-இல் கள்ளக்குரலில் (ஃபால்செட்டோ எனும் மெலிந்த உச்சக் குரல்) 'ஊ' என்று தொடங்கி சி4-க்கு இறங்குங்கள். அங்கிருந்து அரைக் கட்டை குறைத்துக்கொண்டே கடைசிச் சுரம் எஃப்3 வரும் வரை. வழியில் குரல் உடையும். உடைவதில் ஆபத்தில்லை, உடையாமல் இருக்கச் சத்தத்தைக் கூட்டுவதில்தான் ஆபத்து. கள்ளக்குரல் ஆண்மையில்லாமல் கேட்கிறது என்று விட்டுவிடும் பாரிடோன்களுக்கே ஈ4-இல் கழுத்து நரம்பு புடைக்கிறது.

இறங்குவது பழகியதும் 'மும்' என்ற ஒலியில் ச க ப ச ப க ச என்று ஒரு ஸ்தாயி ஏறி இறங்குங்கள். பாரிடோன் ஏ2-விலும் மெஸோ ஏ3-இலும் ஷட்ஜத்தை வைத்துத் தொடங்கலாம். 'ம்' உதட்டை மூடிவிடுவதால் ஒவ்வொரு சுரத்திலும் கத்தல் தானாகக் கட்டுப்படும்.

உயிரெழுத்துகளைத் திருத்துதல்

மாறும் இடத்தைத் தாண்டியபின் அகாரத்தை அகலமாகவே பிடித்திருந்தால் குரல்வளை மேலேறி ஒலி தட்டையாகும். 'ஆ'வை 'ஓ' பக்கம் கொஞ்சம் உருட்டுங்கள். கேட்பவருக்கு 'ஆ'வாகவே கேட்க வேண்டும். 'ஏ'யை 'இ' பக்கம் குறுக்குங்கள். 'ஈ'யில் உதட்டை இரு பக்கமும் இழுக்காமல் தளர்வாக விடுங்கள். பாட்டில் சிக்கும் வரி எதுவோ அதன் சொற்களையே எடுத்து, மாறும் சுரத்தில் நான்கைந்து முறை இப்படிப் பாடிப் பாருங்கள். பொதுவான பயிற்சியைவிட இது அன்றைய பாட்டுக்கு அதிகம் உதவும்.

கீழ்ச் சுரங்கள் கடைசியில்

இரண்டு நிமிடம், அதுவும் மெதுவான சத்தத்தில். 'யா' என்று ப ம க ரி ச இறங்கி, பாரிடோன் ஏ2 அல்லது ஜி2 வரை, மெஸோ ஜி3 வரை. கீழே போகப் போகச் சத்தம் குறைவது இயல்பு. முகவாயை நெஞ்சோடு சேர்த்து, குரல்வளையை அமுக்கி, கனமான பேஸ் அல்லது ஆல்டோ குரல் போலக் காட்டுவது இடைப்பட்ட குரல்களின் தீராத ஆசை. அப்படிச் செய்தால் சிறிது நேரத்தில் மேல் ஸ்தாயி அடைத்துக்கொள்ளும். காலையில் எழுந்ததும் குரல்நாண்கள் சற்று வீங்கியிருப்பதால் கீழே கூடுதலாக எட்டும். அதை நம்பிச் சுருதி வைத்தால் மதியம் அந்தச் சுரம் இருக்காது.

சேர்ந்திசையில் பேஸ் பாடும் பாரிடோனும் ஆல்டோ பாடும் மெஸோவும் 'மேலிருந்து கீழே' பகுதியை ஒருநாளும் விடக் கூடாது. டெனர் வரி பாடும் பாரிடோன் கீழ்ச் சுரங்களை விட்டு, உயிரெழுத்துப் பகுதிக்கு இரண்டு நிமிடம் கூட்டிக்கொள்ளலாம்.

நிறுத்த வேண்டிய நேரம்

வலி, தொண்டையில் கூச்சம், இருமல் வந்தால் நிறுத்துங்கள். தொண்டையைச் செருமாதீர்கள், அது குரல்நாண்களை ஓங்கி மோத வைக்கும். எச்சிலை விழுங்குங்கள், போதும். சந்தேகம் இருந்தால் உங்கள் உச்சத்துக்குப் பக்கத்தில் மிக மெதுவாக 'ஊ' பாடிப் பாருங்கள். வழக்கமாக வரும் சுரத்தில் முதலில் வெறும் காற்று வந்து பிறகு ஒலி வந்தால் குரல்நாண்கள் வீங்கியிருக்கலாம். அன்று ஸ்ட்ராவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரகரப்பு இரண்டு வாரத்தைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

பாடி முடித்தபின்னும் 3 நிமிடம் லிப் ட்ரில்லில் ப ம க ரி ச இறங்கி, பேசும் சுருதிக்கு வந்து சேருங்கள். மேல் ஸ்தாயியில் நெடுநேரம் பாடிய சூட்டிலேயே பேசத் தொடங்கினால், உயர்ந்த சுருதியில், இறுகிய தொண்டையில் பேசிக்கொண்டிருப்பீர்கள். மறுநாள் வரும் கரகரப்புக்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.