மலைக்குளிரில் மீன் தொட்டி ஒட்டுவது: 4 அடி, 10 எம்.எம்., இரண்டாவது முயற்சி

குன்னூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது நிற்பது நான் ஒட்டிய இரண்டாவது தொட்டி. முதலாவது போன டிசம்பரில் சோதனைத் தண்ணீரிலேயே கசிந்தது. சிலிகான் குழாயைத் துப்பாக்கியில் மாட்டுவதெல்லாம் வீடியோக்களில் கொட்டிக் கிடக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் கண்ணாடி. தொட்டி 120 × 45 × 45 செ.மீ. மேட்டுப்பாளையம் கடைக்காரர் "8 எம்.எம். போதுமுங்க" என்றார். நான் 10 தான் கேட்டேன், இன்றும் அதையே சொல்வேன். சாதாரண ஃபுளோட் கண்ணாடி போதும். டஃபன்டு (சூடாக்கி வலுவூட்டியது) வாங்கினால் அப்புறம் வெட்ட முடியாது, உடைந்தால் மொத்தமும் பொடியாகும்.

அடிக்கண்ணாடி 120 × 45. அதன்மேல் முன்னும் பின்னும் 120 × 44. பக்கக் கண்ணாடிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் வருவதால் 45 அல்ல, 42.6 × 44. இரண்டு கண்ணாடியின் தடிமன் 2 செ.மீ., இரண்டு சிலிகான் இடைவெளி 4 மி.மீ. இதைக் கழிக்க மறந்தால் திரும்பவும் மலை இறங்க வேண்டியதுதான்.

சிலிகான் விஷயத்தில் ஒரே ஒரு விதி: பூஞ்சைத் தடுப்பு சேர்த்த குளியலறை வகை கூடாது, அது மீனுக்கு விஷம். மீன் தொட்டிக்கு என்றே எழுதியிருப்பதை வாங்குங்கள். எனக்குக் கறுப்பு பிடிக்காது. நிறமற்றதில்தான் உள்ளே சிக்கிய காற்றுக்குமிழி கண்ணில் படும்.

இனி, என்னைக் கவிழ்த்த இடம். சிலிகான் காற்றில் உள்ள ஈரத்தால்தான் இறுகும் என்று படித்திருந்தேன். குன்னூர் மூடுபனியைவிட வேறென்ன வேண்டும் என்று சன்னலைத் திறந்து வைத்தேன். கண்ணாடி இரவெல்லாம் ஷெட்டில் சில்லிட்டுக் கிடந்தது. காலையில் அதைத் தூக்கி வந்து, பக்கத்து அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்க, கூடத்திலேயே ஒட்டினேன். பார்வைக்குக் கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கசிந்த மூலையை நகத்தால் நெம்பினேன். சிலிகான் ரப்பர் நாடா மாதிரி ஒரே இழுப்பில் கையோடு வந்தது. காற்றில் ஈரம் இருக்கலாம், கண்ணாடி மேல் இருக்கக் கூடாது.

இப்போது செய்வது இது: கண்ணாடிகளை முந்தைய நாளே அறைக்குள் சாய்த்து வைப்பேன். காலை 11 மணிக்கு மேல்தான் வேலை. ஒட்டும் விளிம்பில் விரலால் ஒரு கோடு இழுப்பேன். கோடு தெரிந்தால் இன்னும் பனி படிந்திருக்கிறது என்று அர்த்தம். தெரியாவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அது ஆவியான பின் ஒட்டுவேன். கசிந்த இடத்தில் மேலே பூசிப் பார்க்காதீர்கள். இறுகிய சிலிகான்மேல் புதியது சரியாகப் பிடிக்காது. முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும்.

மூட்டில் 2 மி.மீ. சிலிகான் நிற்க, மருந்தை உடைத்தெறிந்த தீக்குச்சிகளை வெளிப்பக்க ஓரத்தில் வைப்பேன், மறுநாள் உருவிவிட்டு அந்த இடத்தை நிரப்புவேன். கிளாம்ப் வேண்டாம், அது சிலிகானை எல்லாம் பிதுக்கித் தள்ளிவிடும். மாஸ்கிங் டேப் போதும்.

அடுத்தது தாங்கு பட்டை. நிறையப் பேர் இதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். தொட்டி நிரம்பினால் முன்கண்ணாடியை உள்ளிருந்து தள்ளுவது சுமார் 115 கிலோ எடைக்குச் சமமான விசை. மேல் விளிம்புக்கு நடுவில் பிடிமானம் கிடையாது, அங்கேதான் புடைக்கும். அதனால் முன்னும் பின்னும் உட்புறமாக 6 செ.மீ. அகலக் கண்ணாடிப் பட்டை, நீளம் 117.6, மேல் விளிம்பிலிருந்து 1.2 செ.மீ. கீழே. அது இறுகும்வரை கீழே விழாமல் இருக்க, 41.8 செ.மீ. உயரத்துக்கு வெட்டிய பி.வி.சி. குழாய்த் துண்டுகளைத் தொட்டிக்குள் நிறுத்தி முட்டுக் கொடுத்தேன். பட்டைகள் இறுகிய பின் நடுவில் 15 செ.மீ. அகலக் குறுக்குப் பட்டை. அதன் முனையைக் கண்ணாடியோடு மட்டும் ஒட்டி நிறுத்தாமல், இரு பட்டைகளின் மேலும் படுக்கப் போடுங்கள். ஒட்டும் பரப்பு பல மடங்கு கூடும்.

அப்புறம் காத்திருங்கள். கீழே சமவெளியில் ஒரு வாரம் போதும் என்பார்கள், குளிர்காலத்தில் இங்கே இரண்டு வாரம். வினிகர் வாடை அடிக்கிறதா, இன்னும் இறுகவில்லை.

சோதனைத் தண்ணீரை மூன்று தவணையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் விட்டு ஊற்றுங்கள். ஸ்டாண்டில் ரசமட்டம் பார்த்து, அரை அங்குலத் தெர்மாகோல் விரித்த பிறகே தொட்டி ஏற வேண்டும்.

பின்சேர்க்கை: கொடைக்கானலில் இருந்து ஒருவர், பழைய பங்களாவின் பலகைத் தரையில் வைக்கலாமா என்று கேட்டார். தண்ணீரும் கண்ணாடியும் மட்டும் 270 கிலோ, மணலும் கல்லும் தனி. சுவர் ஓரமாக, பலகைக்கு அடியில் ஓடும் உத்திரங்களுக்குக் குறுக்காக வையுங்கள். தரை தட்டினால் அதிருகிறது என்றால் சிமெண்ட் தரை உள்ள அறைக்கு மாற்றுங்கள். இன்னொருவர் குளிருக்காக வெந்நீரைத் தொட்டியிலேயே ஊற்றி, அடிக்கண்ணாடி விரிசல் விட்டுவிட்டதாக எழுதியிருந்தார். வாளியில் கலந்து, கை வைத்துப் பார்த்து ஊற்றுங்கள். தங்க மீன் என்றால் அதுவும் தேவையில்லை, அதற்கு நம் ஊர்க் குளிர் ஒத்துக்கொள்கிறது.